கடலுக்குள் போன பானையோடு

ரோமில் இருக்கும் தங்கச்சியிடம் போயிருந்தபோது எட்ருஸ்கன் கல்லறைகளுக்குள் நுழைந்து பார்த்தேன். ரோமர்களுக்கு முந்திய சனம். அவர்கள் எழுதியதை வாசிக்கலாமாம், முழுக்க விளங்காதாம். என் பள்ளிக்கூடக் கொப்பிகளும் அப்படித்தான். அங்கே சாம்பல் வைத்த பானையொன்றின் ஓடு, மூன்று கீறலோடு, காலில் தட்டுப்பட்டது. எடுத்துப் பொக்கற்றுக்குள் போட்டேன்.

கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் அதை உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்து, ‘பூட்டனாரின் சோத்துப்பானை’ என்று முகநூலில் போட்டேன். ஊரே சிரித்தது. தங்கச்சி மட்டும் போன் எடுத்தாள்.

“அண்ணா, இஞ்ச அது களவு. உங்களுக்கு விசா எடுத்தது என்ர கையெழுத்தில. வாற கிழமை எனக்குக் குடியுரிமை இன்டர்வியூ.”

“அழிச்சிட்டன், பிள்ளை.”

“பாத்த ஆக்களின்ர கண்ணையும் அழிப்பீங்களோ? என்ர சிநேகிதி இண்டைக்குப் பின்னேரம் கொழும்பிலயிருந்து இஞ்ச வெளிக்கிடுறா. அவவிட்டக் குடுத்துவிடுங்கோ. நானே கொண்டுபோய் ஒப்படைக்கிறன்.”

அலுமாரியைத் திறந்தேன். ஓடு இல்லை.

“செத்த வீட்டுப் பானையை வீட்டுக்குள்ள வைக்கிறதோ?” என்றாள் மனைவி. “காலமை கடல்ல போட்டு, பாலும் ஊத்திப்போட்டு, தலை முழுகிட்டு வந்தனான். ஆர் பெத்த பிள்ளையோ, பாவம்.”

ரயில் பாதையைத் தாண்டி ஓடினேன். எங்கள் ஆட்கள் அஸ்தி கரைத்துப் பானை உடைக்கிற கரை அது. எங்கு பார்த்தாலும் சிவப்பு ஓடு. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, போனில் இருந்த படத்தோடு ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எல்லா ஓட்டிலும் கீறல் தெரிந்தது.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சிங்களவர் கேட்டார்: “மொனவத மாத்தயா ஹொயன்னே?”

என்ன தேடுகிறேன் என்கிறார். “இத்தாலி” என்றேன்.

அவர் கடலைப் பார்த்துவிட்டு, “தவ துராய்” என்றார். இன்னும் தூரமாம்.

கடைசியில் ஒரு ஓட்டை எடுத்து, வீட்டுத் திறப்பின் முனையால் மூன்று கீறல் இழுத்தேன். அச்சு அசல். அது யாருடைய தகப்பனின் பானையோ. அதை இத்தாலி அதிகாரியிடம் தங்கச்சி நீட்டுவதை நினைத்துப் பார்த்தேன். கடலுக்குள் எறிந்துவிட்டு அவளுக்குப் போன் எடுத்தேன்.

“இல்லை, பிள்ளை. கடல் கொண்டுபோட்டுது.”

“அப்ப நான் உள்ளதைத்தான் சொல்லவேணும். என்ர அண்ணா ஒரு விசரன் எண்டு.”

“வேணுமெண்டால் டொக்டரின்ர அத்தாட்சிக் கடிதமும் அனுப்புறன்.”

போனை வைத்துவிட்டாள்.

இன்டர்வியூவுக்கு இன்னும் மூன்று நாள். அவள் என் அழைப்பை எடுப்பதில்லை. நான் காலையில் கரைக்குப் போய்க் குனிந்து தேடுகிறேன். திரும்பி வந்தால், முழுகாமல் வீட்டுக்குள் வர மனைவி விடுவதில்லை.