எஃப்.சி.க்கு வந்த விண்கப்பல்

பிள்ளைகளே, நான் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் மாணவர்களைப் பொத்தேரியில் இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை எனக்கு வேலை கிடையாது. வண்டிகள் நிற்கும் மைதானத்து மரத்தடியில் சிலர் தூங்குவார்கள், சிலர் சீட்டு ஆடுவார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் அங்கே உட்கார்ந்து ஒரு கதை எழுதினேன். முகம் தெரியாத பிள்ளைகள் அதற்காகச் சண்டை போட்டார்கள்.

எல்லாம் என் மகளால் வந்தது. அவள் எட்டாம் வகுப்பு. அந்த வருடம்தான் ஊரப்பாக்கத்துக்கு வீடு மாறியிருந்தோம். புதுப் பள்ளியில் மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்று, மழை பெய்தது என்று சொல்வதுபோல ஒருநாள் சொன்னாள். அவளுடைய சிநேகிதர்கள் எல்லோரும் போனில் இருந்தார்கள். தமிழில் பேசவைத்து ஒளிபரப்பும் ஒரு விண்வெளித் தொடரின் ரசிகர் குழு அது. அதில் ஒரு கேப்டன், கப்பலில் எடுபிடி வேலை செய்யும் ஒரு ரோபோ. இந்தப் பிள்ளைகள் அவர்களை வைத்துத் தாங்களே புதுக்கதை எழுதி ஒருவருக்கொருவர் படிக்கக் கொடுப்பார்கள்.

"அடுத்தவங்க கதையில வர்ற ஆளுங்கள நீங்க எப்படிம்மா எழுதலாம்?" என்று கேட்டேன்.

"காசுக்கு எழுதலப்பா. ஆசைக்கு."

அந்த சீசனின் கடைசி நாளில் ரோபோ செத்துப்போனது. கப்பலைக் காப்பாற்ற எஞ்சினுக்குள் இறங்கி எரிந்துவிட்டது. என் மகள் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். பிறகு குழுவில் வந்ததெல்லாம் அழுகைக் கதைகள். அவள் காட்டியவற்றை நானும் படித்தேன். எல்லாவற்றிலும் கேப்டன் ஜன்னல் ஓரம் நின்று நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவளைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்தது வண்டி மட்டும்தான். கல்லூரிப் பேருந்துகளை வருடா வருடம் ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழுக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்காது. அந்த வரிசையில் விண்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

எந்தக் கிரகத்து ராஜாவுக்கும் தலை வணங்காத கேப்டன், கையைக் கட்டிக்கொண்டு "சார், சார்" என்று பின்னாலேயே நடக்கிறார். "ஒளியவிட வேகமா போவுமா? அப்போ வேகத்தைக் கட்டுப்படுத்தற ஸ்பீடு கவர்னர் எங்கே?" என்கிறார் இன்ஸ்பெக்டர்.

பக்கத்தில் படுத்திருந்த இன்னொரு டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "இன்னாபா, தனியா சிரிச்சிகினு கீற?"

படித்துக் காட்டினேன்.

"முதலுதவி டப்பால பஞ்சு கீதான்னு கேக்கச் சொல்லு. போன வாட்டி என்னை அதுக்குத்தான் திருப்பி அனுப்பிச்சாங்கோ."

அதையும் சேர்த்தேன். கடைசியில் இன்ஸ்பெக்டர், "உங்க கிளீனர் எங்கே?" என்று கேட்கிறார். நான் ரோபோவைத்தான் நினைத்து எழுதினேன். வண்டி எடுக்கும் நேரம் ஆகிவிட்டதால் அங்கேயே 'தொடரும்' போட்டுவிட்டேன்.

மகள் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவசரத்தில் 'எங்கப்பா எழுதினது' என்று உடனே குழுவிலும் போட்டுவிட்டாள்.

முதலில் சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன. தன் அப்பா லாரி ஓட்டுகிறவர் என்றும் அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டியதாகவும் மதுரைப் பையன் ஒருவன் எழுதினான். அதற்குப் பிறகு குழுவை நடத்துகிற சேலையூர்ப் பெண் வந்தாள். பிளஸ் டூ படிக்கிறவள்.

"செத்து ஒரு வாரம் ஆகல. அவனைப் போய் கிளீனர்னு சொல்லிச் சிரிக்கிறீங்க," என்று எழுதினாள்.

குழு இரண்டாகப் பிளந்தது. அடுத்த பாகத்தில் ரோபோ உயிரோடு வரும் பாருங்கள் என்றார்கள் சிலர். "வந்தா அவன் எரிஞ்சதுக்கு என்ன அர்த்தம்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகு என் மகளிடம், "ஞாயித்துக்கிழமைக்குள்ள மிச்சத்தைப் போடு. அதைப் பார்த்துட்டு உன்னைக் குழுவில வைக்கறதா வேணாமான்னு சொல்றேன்," என்றாள்.

"நான் மன்னிப்பு கேட்டு எழுதறேம்மா," என்றேன்.

"சாரி வேணாம்பா, கதை வேணும். அவன் உயிரோட வரக்கூடாது. ஆனா சிரிப்பும் இருக்கணும்." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அங்கேருந்தும் எடுத்துட்டா எனக்கு எங்கயும் யாரும் இல்லப்பா," என்றாள்.

மறுநாள் மரத்தடியில் வெகுநேரம் எழுத வரவில்லை. கிளீனர் என்றால் மட்டமா? பெரிய வண்டிக்குப் பின்பக்கக் கண்ணே அவன்தான். "வர்ட்டும், வர்ட்டும், லெஃப்ட்ல ஒடி, ஹோல்டான்" என்ற அவன் குரலை நம்பித்தான் டிரைவர் பின்னால் எடுக்கிறார். இதை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அதையே எழுதினேன்.

"போயிட்டான் சார்," என்கிறார் கேப்டன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைக்கிறார். பிறகு, "சரி, வண்டியைப் பின்னால எடுங்க," என்கிறார். கேப்டன் ரிவர்ஸ் போட்டுவிட்டு, பழக்கத்தில் அந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறார். குரல் வரவில்லை. கப்பல் அங்கேயே நிற்கிறது. வரிசையில் இருந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக் கப்பலுக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். ஒருவர் லெஃப்ட் என்கிறார், ஒருவர் ரைட் என்கிறார், தண்ணி லாரிக்காரர் இரண்டு பேரையும் திட்டுகிறார். கடைசியில் இன்ஸ்பெக்டரே ஓடிப்போய் "ஹோல்டான்" என்று கத்துகிறார். கப்பல் சுவரில் இடித்து நிற்கிறது. எஃப்.சி. கிடைத்துவிடுகிறது.

பஞ்சைச் சேர்க்கச் சொன்ன அந்த டிரைவருக்குப் படித்துக் காட்டினேன். "சுவத்துல இடிச்சா எவன்பா எஃப்.சி. குடுப்பான்? மாத்து."

சுவருக்கு ஒரு விரல் தள்ளிக் கப்பலை நிறுத்தினேன்.

சனிக்கிழமை மகள் அதைப் போட்டாள். சேலையூர்ப் பெண்ணிடமிருந்து பதில் இல்லை. ஞாயிறு காலை சர்ச்சில் மகள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். வெளியே வந்து போனைப் பார்த்தால், அந்தப் பெண் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: 'வர்ட்டும்.' அதற்குக் கீழே வரிசையாக மற்றவர்களும் எழுதியிருந்தார்கள். வர்ட்டும், வர்ட்டும். லெஃப்ட்ல பாத்து. எங்க ஊர்ல விசில் அடிப்போம். விண்வெளிக் கதைக்கு இந்தக் கேலி ஆகாது என்று ஒரு பையன் மட்டும் குழுவை விட்டுப் போய்விட்டான். அவன் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அடுத்த விடுமுறை நாளில் சேலையூர்ப் பெண் ரயிலேறி ஊரப்பாக்கத்துக்கே வந்தாள். ஸ்டேஷனுக்கு நானும் மகளும் போனோம். தோளில் துண்டு போட்ட ரோபோ கப்பலுக்குப் பின்னால் கை காட்டுவதுபோல ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருந்தாள்.

"கதை நல்லாருக்கு அங்கிள். ஆனா அந்தக் கப்பலுக்கு ரிவர்ஸே கிடையாது. ரெண்டாவது சீசன்லயே சொல்லிட்டாங்க."

நான் மகளைப் பார்த்தேன்.

"கிடையாதுன்னா இறங்கித் தள்ளுவாங்கக்கா," என்றாள் என் மகள்.

"ஸ்பேஸ்லயா இறங்குவாங்க?"

"எஃப்.சி. கிரவுண்டு ஸ்பேஸ்லயா இருக்கு?"

இருவரும் வாதாடிக்கொண்டே ஸ்டேஷன் படி ஏறினார்கள். பாதியில் என் மகள் திரும்பி, "அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க. நாங்க பேசிட்டு வர்றோம்," என்றாள்.