தண்ணீர் திறக்கும் நேரம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் தையல் மெஷினில் வேலை பார்த்தவர் அஃப்ஸர் ஜஹான். நகராட்சித் தேர்தலில் அவர் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது கட்சிக்காரர்கள் தேடி வந்தது அவர் கணவர் நயீம் அகமதுவை. அவருக்குப் பதிலாகத்தான் இவர் பெயரைப் போட்டார்கள். ஜெயித்த பிறகும், "கவுன்சிலர் பாய் இல்லீங்களா?" என்றே வாசலில் கேட்டார்கள்.

"கவுன்சிலர் அவங்கதான். நான் சைக்கிள் கடை வெச்சிருக்கேன்," என்பார் நயீம்.

முதல் மாதமே, கூட வேலை பார்த்த அமிர்தவள்ளி வந்தார். அதே வார்டில் இருந்த அவர் தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஏழு மணிக்கு கம்பெனி பஸ் வந்துவிடும். நகராட்சித் தண்ணீர் வருவதோ ஒன்பதுக்கு.

"பொண்ணு எட்டாவது படிக்குதுக்கா. தண்ணி புடிச்சு வெச்சிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவுது. தெனம் மொத பீரியடு போய்டுது."

அஃப்ஸர் ஜஹான் தெருவில் ஐந்தரைக்கே தண்ணீர் வந்துவிடும். இத்தனை வருடம் ஒரே பஸ்ஸில் போயும் இதைக் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு உறுத்தியது.

மறுநாள் வால்வு திறக்கும் சூரியபிரகாஷிடம் போனார்.

"ஒரே நேரத்துல ரெண்டு தெருவுக்கும் விட்டா பிரஷர் இருக்காது மேடம். அவங்களுக்கு மொதல்ல விடணும்னா, உங்க தெருவுக்கு ஒம்பதுக்குத்தான்."

"எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தராவது இருக்காங்க. மாத்திடலாம். நான் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கிறேன்."

நேரம் மாறியது. அமிர்தவள்ளியின் மகள் முதல் மணிக்கே வகுப்பில் இருந்தாள். அஃப்ஸர் ஜஹானின் தெருவோ திரண்டு வந்தது.

"ஓட்டு போட்டது நாங்க. தண்ணி அவங்களுக்கா?" என்று கேட்டார் எதிர்வீட்டு மக்பூல் அகமது.

"நீங்க கேக்கறது நியாயம் பாய். ஆறு மாசம் டைம் குடுங்க. நம்ம தெருவுக்குத் தனி லைன் வாங்கித் தர்றேன்."

சொல்லிவிட்டு உள்ளே வந்தவர் தனி லைன் கேட்டு மனு எழுத உட்கார்ந்தார்.

ஆறு மாதத்தில் நடக்கவில்லை. ஒவ்வொரு மன்றக் கூட்டத்திலும் எழுந்து அதையே கேட்டார். "மறுபடியும் தண்ணியா?" என்று சிலர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. பதினான்காம் மாதம் அனுமதி கிடைத்தது. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிய நாட்களில் தினமும் போய் நின்றார். இப்போது இரண்டு தெருவிலும் விடியற்காலையே தண்ணீர் வருகிறது.

மக்பூல் அகமது இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் மட்டும், சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது என்று ஒரு மனுவைக் கொடுத்துவிட்டுப் போனார். அஃப்ஸர் ஜஹான் அன்று மதியமே போய்ப் பார்த்தார்.