டெலிவரி கேஸ் என்று போன் போட்ட நாள்

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஆம்புலன்ஸ் ஓட்டினேன். பெரும்பாலும் விரலில் வெட்டு, கண்ணில் தூசு. மற்ற நேரம் பேக்கிங் செக்‌ஷன் பெண்களிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வேன். நல்ல காலம் அது.

ஒரு மதியம் பேக்கிங்கிலிருந்து ஸ்டெல்லா அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். சேரப்பணஞ்சேரிக்காரர். என்னை மடக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அன்றோ மேடிட்டிருந்த அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். வேர்த்துக் கொட்டியது.

"இன்னாய்யா பார்த்துகினு நிக்கிற, வண்டிய எடு" என்றார் சூப்பர்வைசர்.

வயிறு மேடு, வலி, முனகல். எனக்குத் தெரிந்த வைத்தியத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிளம்பும் முன்பே ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "டெலிவரி கேஸ் சார், ரெடியா இருங்க."

வழியெல்லாம் "மூச்ச இழுத்து வுடுக்கா" என்று கத்தினேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான். சைரனோடு வைப்பரும் ஓடிக்கொண்டிருந்தது, மழை இல்லை.

வாசலில் பிரசவ வார்டு நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு நின்றார். "எத்தனாவது மாசம்?"

ஸ்டெல்லா அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "கர்ப்பப்பைய எடுத்தே நாலு வருஷமாவுதும்மா. இவன் இன்னா சொல்லிக் கூட்டிகினு வந்தான்?"

நர்ஸ் சிரிக்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "கடைசியா ஒண்ணுக்கு எப்போ போனீங்க?" என்றார்.

"காலையில. சொட்டு சொட்டாதான் வந்துது. கொஞ்ச நாளாவே முழுசா போன மாரி இல்ல. லைன்ல மாத்து ஆள் வந்தாதான் நவுற முடியும். அடக்கிப்பேன். ஆம்பள சூப்பர்வைசர்கிட்ட இத எப்டி சொல்றது?"

டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். சற்று நேரத்தில் முகம் தெளிந்தது. தொற்றும் இருந்தது. "இன்னும் வுட்டிருந்தா கிட்னிய பாதிச்சிருக்கும்" என்றார் டாக்டர். டியூபை எடுத்தபின் தானாகப் போகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்களாம். அதுவரை கம்பெனி கேட் செக்யூரிட்டியிடம்கூட நான் வம்பு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். "தம்பி, டியூப எடுத்துட்டாங்க, நல்லா போச்சுடா. பேரு வெக்க வா."

கம்பெனி மாறிவிட்டேன். ஆனாலும் வயிற்றுவலி என்று வண்டியில் ஏறும் பெண்கள் யாரானாலும், கூச்சப்படாமல் முதலில் கேட்டுவிடுவேன்: "ஒண்ணுக்கு ஒழுங்கா போவுதாம்மா?" பெரும்பாலும் சிரிப்பார்கள். சிலர் சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இல்லண்ணே, ரொம்ப நாளாவே" என்று ஆரம்பிப்பார்கள்.

அப்போது வாயை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டும். அதுதான் நான் இந்த வேலையில் தாமதமாகக் கற்றது.