தேசப்பனின் இரண்டாவது பெட்டி

தேசப்பன் தினமும் விடியற்காலையில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளில் நெருப்புப் போடுவான். தேய்ப்பது என்னவோ ஒன்றில்தான். மற்றது மூடியபடி மேசைக்கு அடியில் கிடக்கும். ஊரே அடுப்புக்கரிக்கு அல்லாடிக்கொண்டிருந்த யுத்தகாலம் அது. சும்மா கிடக்கிற பெட்டிக்கு ஒருவன் கரியை வாரிப் போட்டால் பார்க்கிறவனுக்குப் பொறுக்குமா? எனக்குப் பொறுக்கவில்லை.

நான் திருத்தணி ஸ்டேஷனில் டிக்கெட் குமாஸ்தா. என் வெள்ளைக் கோட்டு தேசப்பன் கையால் தேய்த்ததுதான். ஸ்டேஷனுக்கு எதிரே புங்கமரத்தடியில் அவன் மேசை. பெட்டியை முதலில் ஒரு வாழையிலைத் துண்டின் மேல் இழுத்துப் பார்ப்பான்; இலை கருகாமல் வழுக்கினால்தான் துணிக்கு வருவான். பக்கத்தில் அவன் மனைவி பூவம்மாள் மடித்து அடுக்குவாள். அவளுக்கு இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனது தெருவுக்கே தெரியும். இப்போது மூன்றாம் முறையாக உண்டாகியிருந்தாள்.

"இன்னாத்துக்குய்யா ரெண்டு பெட்டி?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஒண்ணு ஆறிப்போனா இன்னொண்ணுக்கு சார்."

"ஒருநாளும் நீ மாத்தி நான் பாக்கலியே?"

"ஒருநாளும் ஆறலியே சார்."

இந்தப் பதிலை வீட்டில் சொன்னபோது என் மனைவி கெங்கம்மாள் சிரித்தாள். "ஊரான் பெட்டியில இன்னா இருக்குதுன்னு தெரியலன்னா உங்களுக்குச் சோறு எறங்காதே," என்றாள். உண்மைதான். அடுத்தவர் விஷயத்தைத் தெரிந்துகொள்வதில் எனக்கு எந்தக் காலத்திலும் வெட்கம் இருந்ததில்லை.

தேசப்பனுக்கு வரும் துணியில் பாதி, மலையடிவாரத்துச் சத்திரத்திலிருந்து வருவது. அதை நிர்வகிக்கும் மணியக்காரர் தணிகாசலம். சத்திரத்து அடுப்படியில் வெங்காயத்தைக்கூட அனுமதிக்காத மனிதர். அவர் வேட்டி மடிப்பில் கைபட்டால் கீறிவிடும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அந்த மடிப்பு தேசப்பனின் கைவேலை.

ஆடிப் பரணி அன்று காலை ஸ்டேஷன் கொள்ளாத கூட்டம். காவடி மணிச் சத்தத்தில் பேசுவது காதில் விழவில்லை. கோட்டுக்காக நான் ஒரு பக்கம் கத்துகிறேன். சத்திரத்து ஆள் ஆறுமுகம் இன்னொரு பக்கம் நின்று, "மணியக்காரரு வேட்டிய கையோட வாங்கியாரச் சொன்னாரு," என்று குதிக்கிறான். மறுநாள் கிருத்திகைக்குச் சத்திரத்துப் புஷ்பக் காவடியின் முன்னால் அவர் கட்டிக்கொண்டு மலையேற வேண்டிய வேட்டி அது. தேசப்பன் தேய்த்துக்கொண்டிருந்த பெட்டியை விசிறுவதற்காகக் கீழே மற்றதன் பக்கத்தில் வைத்தான். ஆறுமுகம் மறுபடி கத்தவே, கைக்கு அகப்பட்ட பெட்டியை எடுத்து நாலு இழுப்பு இழுத்து, வேட்டியை மடித்துக் கொடுத்தனுப்பினான். பிறகு மற்றதை விசிறி எடுத்து என் கோட்டைத் தேய்த்தான்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் பூவம்மாள் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாய்யா இது? கெழங்கு காலியா இருக்குது!"

இத்தனை நாள் காத்திருந்தவன் விடுவேனா? தலையை நீட்டிப் பார்த்தேன். கரிக்கு நடுவே பெரிய உருளைக்கிழங்கு ஒன்று சாய்ந்து கிடந்தது. தோல் கருகி, உள்ளே கிண்ணம்போல் குடைந்திருந்தது. சீவிய மேல்பாகம் தனியே உருண்டு கிடந்தது.

"இன்னாய்யா தேசப்பா இது?"

இனி மறைக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா பூவம்மாளுக்குத் தினம் காலையில் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தாள். வீட்டு அடுப்போ அண்ணன் வேடியப்பனோடு பொது. அவர் வருஷா வருஷம் காவடி எடுப்பவர். அந்த அடுப்பில் முட்டை ஏறாது. அதனால்தான் பிடி ஆடிப்போன பழைய பெட்டியை இதற்கென்றே ஒதுக்கினான்.

"நெருப்பு போடசொல்லவே கெழங்க உள்ள வெச்சிடுவேன் சார். வெந்ததும் தலையச் சீவி, நடுவுல குடைஞ்சி, உப்பும் மொளகும் தூவி முட்டைய ஒடச்சி ஊத்திடுவேன். சீவின தலையவே மேல மூடி, பெட்டியையும் மூடிட்டா, ரெண்டு சட்டை தேய்க்கசொல்ல வெந்துடும். சட்டியும் வேணாம், எண்ணெயும் வேணாம்."

கீழே கரிச் சூடு, மேலே மூடிச் சூடு. ஆகா என்று இருந்தது எனக்கு. டிக்கெட் ஜன்னலே மறந்துபோனது. அப்புறம்தான் அடுத்த கேள்வி உறைத்தது.

"அப்ப, முட்டை எங்கய்யா?"

மூவரும் பெட்டியின் பின்பக்கக் காற்றுத் துளைகளைப் பார்த்தோம். மஞ்சளாக வழிந்து காய்ந்திருந்தது.  அவசரத்தில் தேசப்பன் மணியக்காரர் வேட்டியில் இழுத்தது பழைய பெட்டியை.

"கம்முனு இரு," என்றேன். "மஞ்சளோ சந்தனமோன்னு நெனச்சுக்குவாரு. நாளைக்கு மலையில எவன் வேட்டியில மஞ்சள் இல்ல? நீயா போய்ச் சொன்னா உன் பாதிப் பொழப்பு போச்சு. இவ வேற இந்த நெலமையில இருக்கறா."

பூவம்மாள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியாது சார். ஆனா அந்த வேட்டி முருகன்கிட்ட போவுதே. அவருகிட்டதானே கொழந்தையக் கேட்டுகினு இருக்கறேன்?" என்றவன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

ஜன்னலில் கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. இருந்தாலும் பின்னாலேயே ஓடினேன். பார்க்காமல் எப்படி இருப்பது?

சத்திரத்துக் கூடத்தில் பூக்கட்டுகிறவர்கள் நடுவே மணியக்காரர் வேட்டியும் கையுமாக நின்றிருந்தார்.

"ஐயா, அதக் கட்டாதீங்க. அதுல முட்டை பட்டுடுச்சி," என்றான் தேசப்பன்.

வேட்டி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. பூக்கட்டுகிறவர்களை வெளியே போகச் சொன்னார். என்னையும்தான் சொன்னார், எனக்குக் காது கேட்கவில்லை. தேசப்பன் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான்.

"எத்தனாவது மாசம்?" என்றார்.

"ஆறுங்க."

"முன்ன ரெண்டும்?"

"தங்கலீங்க ஐயா."

மணியக்காரர் தரையில் கிடந்த வேட்டியைப் பார்த்தார். "கொழந்த பொறக்கற வரைக்கும் சத்திரத்துத் துணி எதையும் நீ தொடக்கூடாது. என் துணியும்தான். நல்லபடியா பொறந்தப்புறம் நானே அனுப்பறேன்," என்றார். நாங்கள் படி இறங்கும்போது பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது. "அந்தப் பொண்ணுக்கு முட்டைய நிறுத்திடாதடா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. வழியெல்லாம் தேசப்பனைத் திட்டினேன். அவனோ, "இனிமே மேசைக்கு அடியில ஒளிக்க வேணாம் சார்," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள், கைபட்டால் கீறும் மடிப்புக்காரர் கசங்கிய பழைய வேட்டியோடு புஷ்பக் காவடிக்கு முன்னால் மலையேறினார். ஏன் என்று ஊரே கேட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கெங்கம்மாள் என்னென்னவோ செய்து பார்த்தாள், பலிக்கவில்லை.

அதன் பிறகு பழைய பெட்டி எல்லோரும் பார்க்க மேசைமேலேயே இருந்தது. எனக்கும் ஒருநாள் ஒரு கிழங்கு கிடைத்தது. கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் நின்று தின்றேன். கொஞ்சம் சாம்பல் ருசி, ஆனாலும் அமிர்தம்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒருநாள் புங்கமரத்தடி வெறுமையாக இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். தேசப்பன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஓர் எட்டு போய்க் கேட்டிருக்கலாம். ஊரில் எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்கிற எனக்கு இதை மட்டும் கேட்கத் துணிவு வரவில்லை. பயமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் காலை டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், ஆறுமுகம் தலையில் பெரிய மூட்டையோடு வந்துகொண்டிருந்தான். சத்திரத்துத் துணி. நனையாமல் இருக்க மேலே கோணிப்பை போர்த்தியிருந்தது. ஸ்டேஷன் முனையில் திரும்பி, தேசப்பன் வீட்டுத் தெருவுக்குள் போனான்.

நான் அவனைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் ரேணிகுண்டாவுக்கு ஒரு டிக்கெட் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்துக் கொடுத்தேன்.