சூலியா தெருவில் அண்ணன் பூட்டிய இணைப்பு

அண்ணனின் முதலாண்டு நினைவு வழிபாட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையான என் வணக்கம். இம்மலரின் முதல் பக்கத்தில் இருக்கும் படத்தில் அண்ணன் சிரிக்கவில்லை. அடையாள அட்டைக்காக எடுத்த படம் அது. நல்லதாக வேறு படம் தேடினோம், கிடைக்கவில்லை. குடும்ப விழாக்களில் படம் எடுக்கும் நேரத்தில் அவர் எப்போதும் யார் வீட்டுக் குளியலறையிலாவது குனிந்து எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் பட்டர்வொர்த்தில் இரயில்வே ஊழியர் குடியிருப்பில் பிறந்தார். எங்கள் தந்தையார் இரயில் பாதைப் பராமரிப்பில் வேலை செய்தவர். அண்ணன் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது தந்தையார் காலமானார். மறு வருடமே அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு, கடலுக்கு அக்கரையில் தீவிலுள்ள ஜெலுத்தோங்கில் குழாய் வேலை எடுத்துச் செய்த ஒரு சீன முதலாளியிடம் சேர்ந்தார். நான் பள்ளி முடித்து அலுவலக வேலையில் அமர்ந்தது அந்தச் சம்பளத்தால்தான். பின்னர் தனியாகத் தொழில் தொடங்கினார், அண்ணியை மணந்தார், ஒரு மகளுக்குத் தந்தையானார். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டிலேயே கடைசிவரை வாழ்ந்தார். நான் திருமணமாகி பட்டர்வொர்த்திலேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரிப் படகு ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அவரைப் பொறுமைசாலி என்று பலரும் என்னிடம் சொன்னார்கள். பொறுமை அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் சுவருக்குள் ஓடுவது இரும்புக் குழாய். பழுது பார்க்கும்போது முழுவதையும் மாற்ற யாரும் சம்மதிப்பதில்லை. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு அங்கே மட்டும் பிளாஸ்டிக் போடச் சொல்வார்கள். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் பசையில் ஒட்டிக்கொள்ளும். இரும்போடு அது ஒட்டாது. மரை வைத்துத்தான் பூட்ட வேண்டும். இரும்புக்குள் பிளாஸ்டிக் மரை நுழைந்தால் இரும்பு அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இரும்பின் மேல் பிளாஸ்டிக் வளையத்தைப் போட்டு முறுக்கினால், முறுக்க முறுக்க இரும்பு அதை உள்ளிருந்து விரிக்கும். அப்படிப் போட்டே ஆகவேண்டும் என்றால் உள்ளே பித்தளை மரை பதித்த வளையம்தான் வேண்டும். இவ்வளவும் அண்ணனுக்கு அப்போதே தெரியும்.

அங்கே சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை. அதன் உரிமையாளரை அண்ணன் பாய் என்று அழைப்பார். கடையின் சமையற்கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இரும்புக் குழாயோடு பிளாஸ்டிக்கைச் சேர்க்க வேண்டியிருந்தது. பித்தளை பதித்த வளையம் அன்று அண்ணனின் பெட்டியில் இல்லை. வாங்கிவர நேரமும் இல்லை, வேறோரிடத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். வெறும் பிளாஸ்டிக் வளையத்தைப் போட்டார். ஒரு சொட்டு கசிந்தது. வெள்ளை டேப்பை இன்னும் நாலு சுற்றுச் சுற்றி, ஸ்பானரால் பலம்கொண்ட மட்டும் இறுக்கினார். கசிவு நின்றது. வந்துவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் அந்த இணைப்பு பிளந்தது. தண்ணீர் அரிசி மூட்டைகளை நனைத்து, முன்கடைவரை ஓடியது. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"சட்டி கழுவுற சரோஜாதான். பெரிய குவாலிச் சட்டியைத் தூக்கி பைப்புல இடிச்சிருக்கு. எத்தனை வாட்டி சொல்றது? இனிமே வராதேன்னு இப்பதான் அனுப்பிவிட்டேன்."

அண்ணன் வளையத்தைக் கழற்றினார். வெளியே அடிபட்ட தடம் ஒன்றுமில்லை. மரையின் வாயிலிருந்து நேராக ஒரு கீறல், உள்ளிருந்து வெளியே. அதை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பித்தளை பதித்த வளையத்தைப் பூட்டிவிட்டு, வாய் திறக்காமல் வந்துவிட்டார். பாய் அப்போது இரண்டாவது கடை திறக்கவிருந்தார். அதன் குழாய் வேலை முழுவதும் அண்ணனுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தவர் பாதிச் சோற்றில் எழுந்தார். அடுத்த ஞாயிறு அந்த வளையத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"என் வேலைம்மா. அந்த அக்கா குவாலியால இடிக்கல. நான் இறுக்கினதுல பிளந்துபோச்சு."

நடந்ததைச் சொன்னார். நான் அன்று கொடுத்த பதிலை இங்கே மறைக்கப்போவதில்லை. "விடுங்கண்ணே, யாருக்குத் தெரியப்போவுது? சொன்னீங்கன்னா புதுக் கடை வேலை போயிடும்லா" என்றேன்.

"அந்த அக்காவுக்கு வேலை போயிடுச்சே" என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை காலை அவர் வளையத்தோடு கடைக்குப் போனார். அங்கே நடந்ததைப் பின்னாளில் பாயே என்னிடம் சொன்னார்.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே?" என்று பாய் கேட்டிருக்கிறார்.

"தெரிஞ்சிருக்காது பாய்."

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பயம் பாய்."

பாய்க்குக் கோபம் தணியவில்லை. புதுக் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சரோஜா அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, "வந்தா வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

சரோஜா அக்காவும் பட்டர்வொர்த்துக்காரர். தினமும் ஃபெர்ரியில் வேலைக்குப் போய்வந்தவர். அன்று மாலை அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அக்கா எங்களை உட்காரச் சொன்னார், சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நான் இடிக்கலைன்னு அன்னைக்கே சொன்னேன் தம்பி. பத்துப் பேர் முன்னாடி சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. இன்னைக்கு நீங்க சொன்னதும் வரட்டும்ங்கிறாரு. வரமாட்டேன். போன்னு சொன்னவர் வந்து கூப்பிடட்டும்."

அண்ணன் அதை வார்த்தை மாறாமல் பாயிடம் போய்ச் சொன்னார். இரண்டு வாரம் போனது. இனி நடக்காது என்று நான் நினைத்திருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை பாயே ஃபெர்ரி ஏறி வந்தார். வழி காட்ட அண்ணனை உடன் அழைத்து வந்திருந்தார். நானும் போனேன். கதவருகே நின்றுகொண்டே பாய் பேசினார்.

"விசாரிக்காம பேசிட்டேன்மா. பிசகு என்னுதுதான். வேலைக்கு வாங்க."

அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்து, "அந்தக் குசினியில நீங்க போட்டது அது ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

"இன்னும் மூணு இருக்குக்கா."

"அதையும் மாத்திட்டுச் சொல்லுங்க. வர்றேன்."

மறுநாளே அண்ணன் மாற்றிக் கொடுத்தார். வியாழக்கிழமை அக்கா வேலைக்குத் திரும்பினார்.

அக்காவின் அந்தக் கேள்வி அண்ணனை விடவில்லை. இதுபோல அவசரத்தில் அதே வளையத்தை வேறு எங்கெங்கே போட்டிருக்கிறோம் என்று யோசித்து எழுதினார். பெரும்பாலும் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடுகள். அடுத்த ஏழெட்டு மாதம் ஓய்வு கிடைத்த நேரத்தில் கதவு கதவாகத் தட்டினார். ஒழுகாத குழாயைக் கழற்ற வந்தவரை யார் நம்புவார்கள்? எட்டாவது மாடியில் ஒரு சீனப் பெரியவர், நான் கூப்பிடவே இல்லையே என்று மலாயில் திட்டிக் கதவைச் சாத்திவிட்டார். அண்ணன் மூன்று முறை போனார். மூன்றாவது முறை கதவைத் திறந்த பெரியவர், வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்று கவனித்தாராம். கழற்றிய வளையத்தில் மயிரிழை போல ஒரு கீறல் தொடங்கியிருந்தது. பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டு ஆரஞ்சுப் பழம் எடுத்துவந்து கொடுத்தார். அண்ணன் அதில் ஒன்றை எனக்குக் கொண்டுவந்தார்.

புதுக் கடையின் குழாய் வேலை வேறொருவருக்குத்தான் போனது. அண்ணன் அதற்காக வருந்தவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அண்ணி சொல்வார். ஆனால் அதன்பிறகு எந்த இணைப்பையும் கையால் பிடிப்புக் காணும்வரை திருகி, ஸ்பானரால் ஒன்றரைச் சுற்று மட்டும் கொடுத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சரியான பொருள் கையில் இல்லையென்றால், "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி எழுந்துவிடுவார். அதனால் சில வேலைகளை இழந்தார். ஜனங்கள் பொறுமை என்று சொன்னது இதைத்தான்.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் நுரையீரலில் நோய் கண்டது. நான்கு மாதம் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். வலியை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கடைசி வாரம் வீட்டிலேயே இருந்தார். ஒரு விடியற்காலையில் அண்ணியும் மகளும் நானும் அருகில் இருக்க, அமைதியாக விடைபெற்றார்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வார்டு தாதியர்களுக்கும், மின்தூக்கி பழுதான நாளில் அண்ணனை நாற்காலியோடு ஐந்து மாடி தூக்கி வந்த அண்டை வீட்டு இளைஞர்களுக்கும், ஈமச் சடங்கு நாட்களில் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு அனுப்பிய பாய் குடும்பத்தாருக்கும், அண்ணிக்குத் துணையாகப் பதினாறு நாளும் உடன் தங்கிய சரோஜா அக்காவுக்கும், தூரத்திலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இன்னும் ஒரு செய்தி. அண்ணனின் கைபேசி எண்ணை நாங்கள் நிறுத்தவில்லை. விஷயம் தெரியாதவர்கள் இன்றும் அழைக்கிறார்கள். போன வாரம் நான் அண்ணி வீட்டில் இருந்தபோது ஒரு பெண் பதற்றத்தோடு கூப்பிட்டார். அண்ணி எடுத்தார். "அவர் இறந்துட்டாரும்மா" என்றார். அந்தப் பெண் அழத் தொடங்கினார். அண்ணி கைபேசியை வைத்துவிடவில்லை.

"அழாதீங்கம்மா. எங்க ஒழுகுதுன்னு சொல்லுங்க. மீட்டர் பக்கத்துல ஒரு வால்வு இருக்கும், அதை அடைச்சிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."