இடது பக்க நாற்காலி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை கூடத்தின் வலது சுவரை ஒட்டிக் கிடக்கிறது. லேப்டாப் சார்ஜரைச் செருகுகிற பிளக் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ஊரடங்குக் காலத்தில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது அவளை அங்கே உட்கார வைத்தோம். அவளுக்கு வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் ஒரு நாற்காலி, அந்த நாற்காலியில் நான். இதில் யோசித்துச் செய்தது ஒன்றுமில்லை. பிளக் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

முகப்பேரில் மூன்றாவது மாடி ஃபிளாட் எங்களுடையது. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. ஒன்பதரைக்கு வகுப்பு ஆரம்பித்தால் பதினொன்றரைக்கு முடியும். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, தொழிற்சாலையைத் திறந்ததும் காலையிலேயே கிளம்பிவிடுவார். எனக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் ஷிப்ட், அதுவும் வீட்டிலிருந்தே. அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் என்ன தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. தப்பைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். கோபமும் மூக்கின் மேலேயே இருக்கும். இந்த இரண்டோடும்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் இருந்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். மிஸ் எல்லோரையும் ரோல் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். என் மகள் பதினெட்டு. ஒரு நாள் பதினெட்டைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். இவள் மைக்கைத் திறந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்று விநாடி இருக்கும். எனக்கு அது மூன்று நாளாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை தெரியாது என்று சொன்னால் கூடப் படிக்கிற நாற்பது பேருக்குத்தான் தெரியும். இங்கே நாற்பது வீட்டுக் கூடத்துக்கும் தெரியும். நான் வாயைக் குவித்து விடையை முணுமுணுத்தேன். அவள் அதை அப்படியே சொன்னாள். மிஸ் வெரிகுட் சொன்னார். அந்த வெரிகுட்டை நான்தான் வாங்கிக்கொண்டேன்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது டீச்சர் கேட்ட கேள்விக்கு "தெரியாது டீச்சர்" என்றேன். அதற்காக மணியடிக்கிற வரைக்கும் பெஞ்சு மேல் நிற்க வைத்தார். அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். அலுவலகத்தில்கூடத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பேன். என் பெண் வாயிலிருந்து அந்தச் சொல் வரக் கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன்.

நான் ஒருத்திதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எந்தப் பிள்ளையின் மைக்கைத் திறந்தாலும் பின்னால் ஒரு பெரியவர் குரல் கிசுகிசுக்கும். ஒரு வீட்டில் தாத்தா இருமலுக்கு நடுவில் வாய்ப்பாடு சொல்வார். "பேரன்ட்ஸ், ப்ளீஸ், குழந்தைங்களே சொல்லட்டும்" என்று மிஸ் தினமும் கெஞ்சுவார். முணுமுணுப்பு கேட்டுவிடுகிறது என்று தெரிந்ததும் நான் கடையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை வாங்கி வந்தேன். லேப்டாப்புக்குப் பின்னால், இடது ஓரமாக, கேமராவில் விழாமல் பிடித்துக்கொள்வேன். கேள்வி வந்ததும் எழுதிக் காட்ட வேண்டியது, அவள் கண்ணை ஓட்டிப் படிக்க வேண்டியது. இருவரும் அதில் கைதேர்ந்துவிட்டோம்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவைத் திரும்ப அனுமதித்த காலம் அது. வகுப்பு நடக்கும்போது மிக்சி போடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது, பாத்திரத்தைச் சத்தமாக வைக்கக் கூடாது என்று அவருக்கு ஏகப்பட்ட சட்டம் போட்டிருந்தேன். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மா இது, பாப்பா படிக்குதா, நீ படிச்சிகினு கீறியா?"

நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். வகுப்பு முடியட்டும் என்று காத்திருந்து மீதியைச் சொன்னார்.

"எம்பொண்ணும்தான் ஆறாவது. மொட்ட மாடில போன வச்சிகினு அதுவே இன்னாமோ பேசிகினு கீது. தப்பாக்கூட சொல்லும், யாருக்குத் தெரியும்? எனுக்கு ஒன்னும் பிரியாது."

"உங்க வேலையைப் பாருங்கக்கா" என்றேன்.

"பாத்துகினுதான் கீறேன்" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க எனக்கு அவர் மேல் எரிச்சலாக இருந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு நாலு மாதம் தாங்கியது. ஒரு நாள் செடியின் பாகங்கள் பாடம். மிஸ் திரையில் உருளைக்கிழங்கு படத்தைக் காட்டி, "ரோல் நம்பர் எய்ட்டீன், நாம சாப்பிடுற உருளைக்கிழங்கு செடியோட எந்தப் பாகம்?" என்றார். மகள் "ஸ்" என்று எதையோ ஆரம்பித்தாள். நான் அதற்குள் பலகையில் "ரூட்" என்று எழுதி நீட்டிவிட்டேன். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, மண்ணுக்குள் இருப்பது வேர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் பலகையைப் பார்த்தாள். ஆரம்பித்ததை விழுங்கிவிட்டு "ரூட், மிஸ்" என்றாள்.

அவள் கண் ஓடியதை மிஸ் கவனித்திருக்க வேண்டும், கொஞ்சம் சிரித்தார். "எய்ட்டீனோட அம்மா, அது ரூட் இல்ல, ஸ்டெம். மண்ணுக்குள்ள இருந்தாலும் அது தண்டுதான். நிறைய பேர் குழப்பிக்கிறதுதான், பரவாயில்ல" என்றார்.

நாற்பது வீடு கேட்டது. எதிர் ஃபிளாட்டில் ஒரு பையன் இதே வகுப்பு. அவனுடைய அப்பா சிரித்த சிரிப்பு எங்கள் பால்கனி வழியாக நேராகவே வந்து சேர்ந்தது. நான் கேமராவை அணைத்துவிட்டு, நெட் போய்விட்டது என்று செய்தி அனுப்பினேன். காது இரண்டும் சூடாக இருந்தன.

"நான் ஸ்டெம்னுதான் சொல்ல வந்தேன்மா" என்றாள் மகள்.

"அப்போ சொல்ல வேண்டியதுதானே?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

அன்றோடு பலகையைத் தூக்கிப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் நாள் மாலையே மறுநாள் பாடத்தைப் படித்து வைக்க ஆரம்பித்தேன். தப்பாகச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினேனே தவிர, சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. அதன்பிறகு இரண்டாம் வகுப்பு முடியும்வரை பதினெட்டு ஒரு கேள்விக்கும் தப்பான விடை சொல்லவில்லை.

ஒரு வழியாகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். மகள் மூன்றாம் வகுப்பு. பழைய சீருடை முட்டிக்கு மேல் ஏறிவிட்டதால் புதிது தைக்கக் கொடுத்தோம். அதே மிஸ்தான் மூன்றாம் வகுப்புக்கும் வந்திருந்தார். மூன்று வாரம் கழித்து என்னை வரச் சொன்னார்.

"கூப்பிட்டா எழுந்து நிக்குறா மேடம். வாயைத் திறக்க மாட்டேங்குறா. தலையை ஒரு பக்கமா திருப்பிட்டு அப்படியே நிக்குறா. எதுக்கும் காதை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க. காதுல ஒண்ணும் இல்லைன்னா, பாடம் அவளுக்குப் புரியலைன்னு அர்த்தம். இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா இந்த வருஷம் செகண்ட் ஸ்டாண்டர்ட்லயே உட்காரட்டும். அவளுக்கும் அதுதான் நல்லது."

எனக்கு வந்ததே கோபம். "ஆன்லைன்ல எல்லாக் கேள்விக்கும் சரியா பதில் சொன்ன பொண்ணு மிஸ். அவளைப் போய் கீழ் வகுப்புல போடறேன்றீங்க?" என்று ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

மிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எல்லாக் கேள்விக்கும் இல்ல மேடம். உருளைக்கிழங்கு தப்பு" என்றார்.

காதைப் பரிசோதித்தோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். மகள் ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினாள். அம்மா மேல் எத்தனை பாசம் என்று அப்போது உள்ளுக்குள் மகிழ்ந்துபோனேன். காது சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தோசையைப் பிய்த்தபடியே, "ஏழாறு எத்தனைடி?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் இடப்பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை, நாற்காலி காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள்.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஊரில் உள்ள மென்பொருள் தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்கு, என் பிள்ளைக்குள் நானே போட்டு வைத்த தப்பைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அவளுக்குப் பாடம் புரியாமல் இல்லை. விடை வருகிற திசை அது என்று பழகியிருந்தாள்.

மறுநாள் அந்த நாற்காலியைக் கொண்டுபோய் பால்கனியில் போட்டேன். "நாற்காலி என்னடி பண்ணுச்சு பாவம், உட்கார்ந்தவளைத்தானே தூக்கிப் போடணும்" என்றார் கணவர். அவர் சொன்னதுதான் சரி. நாற்காலி போன பிறகும் அவள் அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். நான் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவது என்று வைத்துக்கொண்டேன். ஆறு எண்ணும்போதே விடை என் நாக்கு நுனிக்கு வந்துவிடும். பல நாள் சொல்லியும் விட்டேன். சொல்லாத நாட்களில் "யோசிடி" என்று அதட்டினேன். அதட்டினால் யாருக்கு யோசனை வரும்? அவள் கண் கலங்குவதுதான் மிச்சம். தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாதமோ ஓடிக்கொண்டிருந்தது.

மிஸ் சொன்ன அந்த நாளும் வந்தது. "உள்ளே வர வேண்டாம், வராந்தாவில நின்னு பாருங்க" என்றார். வராந்தாப் பக்கம் வரிசையாக ஜன்னல்கள். மகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஜன்னல்கள் அவளுக்குச் சரியாக இடப்பக்கத்தில் இருந்தன என்பதை நின்ற பிறகுதான் கவனித்தேன். நகர்ந்து போகலாமா என்று யோசிப்பதற்குள் மிஸ் அவளை எழுப்பிவிட்டார்.

"கேரட் செடியோட எந்தப் பாகம்?"

அவள் திரும்பினாள். இந்த முறை அங்கே நான் இருந்தேன். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த நிம்மதியை இன்னும் மறக்க முடியவில்லை. எனக்கு விடை தெரியும். ரூட். உதட்டை ஒரு முறை குவித்தால் போதும், இரண்டாம் வகுப்புப் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். குவிக்கத்தான் போனேன். அப்புறம் கைப்பையைத் திறந்து, தலையைக் குனிந்து, எதையோ தேடுவதுபோல் சாவியையும் மாஸ்க்கையும் பழைய பில்லையும் கிளறினேன். எண்ணக்கூட இல்லை. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது.

"ஸ்டெம், மிஸ்" என்று அவள் குரல் கேட்டது.

தப்பு. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏன் ஸ்டெம்னு சொன்னே?" என்றார் மிஸ்.

"உருளைக்கிழங்கும் மண்ணுக்குள்ளதான் இருக்கு. அது ஸ்டெம். கேரட்டும் மண்ணுக்குள்ளதான் இருக்கு. அதான்..." என்று இழுத்தாள்.

"நல்லா யோசிச்சிருக்கே. ஆனா விடை தப்பு. கேரட் ரூட். உட்காரு" என்றார் மிஸ். பிறகு ஜன்னலுக்கு வந்து, "மூணாவதுலயே இருக்கட்டும் மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்கூட்டியில் திரும்பும்போது மகள் என் இடுப்பைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் நின்றதும் கேட்டாள்.

"நீ அங்கேயேதானே நின்னுட்டிருந்தே. ஏம்மா சொல்லல?"

விளக்கு சிவப்பிலேயே இருந்தது. "எனக்குத் தெரியாதுடி" என்றேன். நாலாம் வகுப்புக்குப் பிறகு நான் அதைச் சொன்னது அப்போதுதான். அதுவும் பொய்யாக.

அவள் முன்னால் எட்டி என் காதருகே வாயை வைத்து, யாருக்கும் கேட்காதபடி, நான் அவளுக்குச் சொல்லுவேனே அதே மாதிரி, "கேரட்னா ரூட்மா. உருளைக்கிழங்குதான் ஸ்டெம். குழப்பிக்காதே" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானதைப் பார்த்தேன்.