கதை வாசிக்கத் தெரிந்தவள்

எங்கள் மாலை வாசிப்பு மையங்களில் ஒரு விதி இருந்தது. எழுத்து, சொல், வரி, கதை என்று நான்கு படிகள். கதை அட்டையைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டால் பிள்ளை தேறியது, மையத்தை விட்டு விலகிவிட வேண்டும். அந்த இடத்துக்கு எழுத்தே தெரியாத இன்னொரு பிள்ளை வரும். ஒரே ஆசிரியை, இருபது பேருக்கு மேல் கட்டி மேய்க்க முடியாது. விதியை எழுதியது நான்தான். கூட்டங்களில் அதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் மரியாதை வரும்.

வகுப்பெடுத்துக்கொண்டிருந்த என்னைத் தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்த பிறகு, தருமபுரி அலுவலகத்தில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. மையங்களுக்குப் போனால் பிள்ளைகள் எழுந்து "வணக்கம் மேடம்" என்று ராகம் பாடிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். ஆசிரியைகள் டீ கொடுத்துவிட்டு நான் எப்போது கிளம்புவேன் என்று பார்ப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பார்த்தவள்தான். ஆனாலும் வலிக்கும்.

சித்தேரி மையத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றரை வருடமாக வரிப் படியிலேயே நின்றாள். கதை அட்டையைக் கொடுத்தால் மூன்றாவது வரியில் திக்குவாள். கோபம் எனக்கு மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். ஆசிரியையைப் போனில் இரண்டு முறை கடிந்துகொண்டேன். "நல்லாத்தாங்க மேடம் சொல்லிக் குடுக்கறேன்" என்றாள். நான் நம்பவில்லை.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அரூரில் பஸ் ஏறிப் போனேன். மையம் இன்னும் திறக்கவில்லை. வெளியே படிக்கட்டில் அந்தப் பெண் இரண்டு பொடிசுகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு திக்கல் இல்லை. கரடி பேசும் இடத்தில் குரலை வேறு மாற்றினாள். என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"ஏம்மா, இவ்ளோ நல்லா படிக்கற. டெஸ்ட்ல மட்டும் ஏன் திக்குற?"

அவள் புத்தகத்தைப் பைக்குள் திணித்தாள். ஆசிரியை வந்து என்னை ஓரமாக அழைத்தாள். "அவங்கம்மா அப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறாங்க மேடம். வூட்டுல சித்தப்பா மட்டுந்தான், அவரும் இருட்டுன பொறவுதான் வருவாரு. இங்க இல்லீன்னா அது தனியாத்தாங்க கெடக்கோணும்."

"அதுக்காக? எழுத்து தெரியாத பிள்ளைங்க காத்துட்டு இருக்காங்க" என்றேன்.

மையம் திறந்து பிள்ளைகள் வந்ததும், எல்லோர் முன்னாலும் அவளிடம் கதை அட்டையை நீட்டினேன். இனி நடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கடைசி வரை வாசித்தாள். பதிவேட்டில் 'கதை' என்று எழுதி, பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னேன். "கெட்டிக்காரி! நாளையிலிருந்து நீ வர வேண்டியதில்லை" என்றேன். வாழ்த்தாகத்தான் சொன்னேன். அவள் தரையைப் பார்த்தபடி பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் பேசுகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், படித்த அறிக்கையையே திரும்பப் படித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவள் தவிப்பு புரிந்திருக்க வேண்டும். புரியப் பத்து நாள் ஆனது.

விதியை நீக்கிவிட்டு ஆசிரியையைப் போனில் கூப்பிட்டேன். "அந்தப் பொண்ண வரச் சொல்லு. சின்னப் பசங்களுக்குக் கதை படிச்சுக் காட்டட்டும்."

"அது இப்ப இங்க இல்லீங்க மேடம். தனியா வுட முடியாதுன்னு அவங்கம்மா திருப்பூருக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க ஸ்கூல்ல சேத்தாங்களோ இல்லியோ தெரியல."

"போறதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லுச்சா?"

"ஒண்ணு கேட்டுச்சுங்க. 'மறுபடியும் திக்கித் திக்கிப் படிச்சா சேத்துக்குவாங்களாக்கா'ன்னு."

போனை வைத்துவிட்டு அழுதேன். ஏன் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அன்றைக்கு அது வசதியாகத்தான் இருந்தது.